அடுத்தவன் எழுதுன புரோகிராம்ல பக் (கோளாறு) எந்த வழியா வந்துச்சுன்னு பிடிக்கிறது எப்படி

தெரிஞ்ச மளிகைக் கடை அண்ணாச்சி ஒருத்தர் ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணி "தம்பி, பில்லு போடுற புரோகிராம் காலையில ஒழுங்கா இருக்கு, சாயங்காலம் ஆனா கணக்கு இடிக்குது, ஒரு எட்டு வந்து பாரு"ன்னாரு. காலையில சரி சாயங்காலம் தப்புன்னா என்னய்யா அர்த்தம், கம்ப்யூட்டரு வெயில்ல களைச்சா போவும்னு நெனச்சுக்கிட்டே போனேன். பைத்தான்ல எழுதுனது, எழுதுன பையன் வேலை கிடைச்சு வெளிநாடு போயாச்சு, நாப்பது பைல் இருக்கு, ஒரு கமென்ட் கிடையாது, ஒரு பைலோட பேரே "புதுசு2 கடைசி". பிரச்சனை என்னன்னா எண்ணெய் பாக்கெட்டுக்கு வர்ற பத்து ரூபா கூப்பன். டப்பாவுல அன்னைக்கு 5 கூப்பன் சீட்டு கிடக்கு, அப்ப 50 ரூபா தள்ளுபடி போயிருக்கணும், ராத்திரி ரிப்போர்ட்ல 150ன்னு காட்டுது. கல்லாவுல உக்காந்திருந்த பையன் மேல அண்ணாச்சிக்கு சந்தேகம் விழுந்தாச்சு, பையன் முகம் செத்துப் போயி நிக்கிறான்.

நான் அன்னைக்கு பண்ணுன முதல் தப்பு, முதல் பைல்ல இருந்து வரிசையா படிக்க உக்காந்தது. ஒன்றரை மணி நேரம் படிச்சேன், ஸ்டாக் எப்படி குறையுது, பார்கோடு எப்படி வாசிக்குது எல்லாம் தெரிஞ்சுது, தள்ளுபடி பத்தி ஒண்ணும் தெரியல. தெரியாத ஊருக்கு ஒருத்தர தேடிப் போனா ஊரு முழுக்க தெருத்தெருவா சுத்துவோமா, அந்த ஆளு எந்த பஸ்ல வந்து எங்க இறங்கி எந்த சந்துல போனாருன்னுதான விசாரிப்போம். அதே மாதிரி இந்த 150 எந்த வழியா வந்துச்சுன்னு மட்டும் பாத்தா போதும், மிச்சம் முப்பத்தஞ்சு பைல தொடவே வேணாம். கோடு, அதாவது புரோகிராம எழுதியிருக்கிற வரிகள, படிச்சா என்னென்ன நடக்கலாம்னு தெரியும். ஓட விட்டு பின்னாடியே போனாத்தான் என்ன நடந்துச்சுன்னு தெரியும்.

முதல் வேலை: தப்ப உங்க கையால வர வைங்க

சாயங்காலம் வரைக்கும் காத்திருந்து பிடிக்கிற பக்க பிடிக்கவே முடியாது. அத எவ்வளவு சின்னதா சுருக்க முடியுமோ சுருக்கணும். நான் புரோகிராம மூடித் திறந்து 500 ரூபாய்க்கு ஒரு பில், ஒரு கூப்பன் போட்டேன், 490 வந்துச்சு. சரி. அதே பில்ல இன்னொரு தடவ போட்டேன், 480. மூணாவது தடவ 470. மூடித் திறந்து போட்டா மறுபடி 490. காலை சாயங்காலம்ங்கிறது எல்லாம் சும்மா, கடை திறந்ததுல இருந்து எத்தனையாவது கூப்பன்ங்கிறதுதான் விஷயம். 10, 20, 30, 40, 50 கூட்டுனா 150, ரிப்போர்ட்ல இருந்த அதே நம்பர். எழுதுன பையன் ஏன் பிடிக்கலைன்னும் இப்ப புரியுது, அவன் ஒவ்வொரு தடவையும் புரோகிராம ஆரம்பிச்சு ஒரு பில் போட்டு பாத்துட்டு மூடியிருப்பான்.

இப்படி "இத பண்ணா இது வரும்"னு ரெண்டு வரியில எழுதுற அளவுக்கு வந்துட்டாலே பாதி வேலை முடிஞ்சுது. டேட்டாபேஸ் இருந்தா ஒரு காப்பி எடுத்து அதுல விளையாடுங்க, கடையோட உண்மையான கணக்குல கை வைக்காதீங்க.

அடுத்து ஒண்ணு, இத தாண்டிப் போயி நானே எத்தனையோ நாள் வீணாக்கியிருக்கேன். நீங்க பாக்குற கோடும் ஓடுற கோடும் ஒண்ணுதானான்னு பாருங்க. டெஸ்க்டாப்ல ஒரு காப்பி, டி டிரைவ்ல ஒரு காப்பி இருக்கும், ஷார்ட்கட் மூணாவது ஒண்ண திறக்கும், நீங்க ரெண்டாவதுல பிரின்ட் போட்டுட்டு "ஏன் வரல ஏன் வரல"ன்னு மண்டைய உடைச்சுக்குவீங்க. மெயின் பைலோட முதல் வரியில வேணும்னே தப்பா ஏதாவது டைப் பண்ணி ஓட்டுங்க. புரோகிராம் கவுந்தா சரியான காப்பி. கவுழலைன்னா வேற எங்கயோ ஓடுது.

எங்க இருந்து உள்ள நுழையுறது

ஸ்கிரீன்ல தெரியுற வார்த்தைதான் கதவு. பில்லுல "கூப்பன் தள்ளுபடி"ன்னு அச்சாகுதா, அந்த வார்த்தைய அப்படியே எல்லா பைல்லயும் தேடுங்க, லினக்ஸ்னா கிரெப், எடிட்டர்னா மொத்த போல்டர்லயும் தேடுற வசதி. எனக்கு ரெண்டே இடம் கிடைச்சுது, ஒண்ணு பில் அச்சடிக்கிற இடம், ஒண்ணு ராத்திரி ரிப்போர்ட். எரர் மெசேஜ் வந்தாலும் இதே வித்தைதான். தேடுறப்ப நம்பர், தேதி, பேரு இதெல்லாம் விட்டுட்டு மாறாத துண்ட மட்டும் தேடணும், ஏன்னா மாறுறதெல்லாம் ஓடுறப்ப ஒட்ட வச்சது.

அந்த இடத்துல நிறுத்தி "இங்க எப்படி வந்தே"ன்னு புரோகிராம்கிட்டயே கேக்கணும். அதுக்குத்தான் கால் ஸ்டாக். யார் யார கூப்பிட்டாங்கங்கிற வரிசை. எரர் விழுந்தா தானா வரும், பைத்தான்ல கடைசியா நடந்தது அடியில இருக்கும், ஜாவால அது மேல இருக்கும், இந்த ஒரு வித்தியாசம் தெரியாம தலைகீழா படிக்கிறவங்க நிறைய. ஜாவால இன்னொண்ணு, "காஸ்ட் பை" (இதனால வந்துச்சு)ன்னு ஆரம்பிக்கிற வரிகள் கீழ கீழ வரும், அதுல கடைசியா வர்றதுதான் பெரும்பாலும் மூல காரணம், மேல இருக்கிறத பாத்துட்டு விட்டுடாதீங்க. அந்த நீளமான லிஸ்ட்ல லைப்ரரி (வேற யாரோ எழுதி நாம எடுத்துக்கிட்ட கோடு) பைல்களோட பேரெல்லாம் கண்ணுல படாம தாண்டிட்டு இந்த புரோஜெக்டோட பைல் பேரு எங்க வருதோ அங்க நில்லுங்க. லைப்ரரில பக் இருக்கும்னு நினைக்க ஆசையா இருக்கும், நூத்துல தொண்ணூத்தஞ்சு தடவ நம்ம கோடுதான்.

எரரே விழலைன்னா? அண்ணாச்சி கடையில விழல, தப்பான நம்பர் சமத்தா அச்சாகி வருது, அதான் இந்த வகை மோசம். அப்ப நாமளே அந்த வரியில ஒரு எரர எழுப்பி விடலாம், இல்ல பைத்தான்ல டிரேஸ்பேக் மாட்யூல்ல இருக்கிற பிரின்ட் ஸ்டாக்க கூப்பிட்டா புரோகிராம கவுக்காமலே வரிசைய காட்டிடும். எனக்கு கிடைச்ச வரிசை: பில் ஸ்கிரீன், அதுல இருந்து மொத்தம் போடுறது, அதுல இருந்து கூப்பன் சேக்குறது, அப்புறம் அச்சு. நாப்பது பைல் நாலு பங்ஷனா, அதாவது ஒரு வேலைக்குன்னு பேரு வச்ச நாலு துண்டு கோடா, சுருங்கிடுச்சு.

பாதி பாதியா வெட்டுறது

ஆரம்பத்துல நம்பர் சரி, கடைசில தப்பு. நடுவுல ஒரு இடத்துல பாருங்க. அங்க சரியா இருந்தா பின்பாதில கோளாறு, தப்பா இருந்தா முன்பாதில. ஆயிரம் ஸ்டெப் இருந்தாலும் பத்து தடவைல ஒரே ஸ்டெப்புக்கு வந்துடலாம், ரெண்ட பத்து தடவ பெருக்குனா 1024 வருதுல்ல, அதான் கணக்கு. வரிவரியா ஆரம்பத்துல இருந்து வந்தா விடிஞ்சிடும்.

பாக்குறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல "இங்க 10 வரணும்"னு எழுதிட்டு பாருங்க. இத சொன்னா எல்லாரும் சிரிக்கிறாங்க. எழுதாம பாத்தா என்ன நம்பர் வந்தாலும் மனசு "ம்ம் சரியாத்தான் இருக்கும்"னு ஒரு காரணம் கண்டுபிடிச்சு தாண்டிப் போயிடும், எழுதி வச்சிருந்தா பத்துக்கு பதிலா இருபதுன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி தெரியும்.

போன மாசம் சரியா இருந்துச்சு இந்த மாசம் தப்புன்னா, கோடுக்கு பதிலா காலத்த வெட்டலாம், கோடோட பழைய நிலையெல்லாம் சேத்து வைக்கிற கிட்ங்கிற கருவில பைசெக்ட்னு ஒண்ணு இருக்கு, நல்லா இருந்த கமிட் (சேத்து வச்ச ஒரு நிலை) ஒண்ணு கெட்டுப்போன கமிட் ஒண்ணு சொன்னா நடுவுல இருக்கிறத எடுத்து குடுத்துக்கிட்டே வரும், நீங்க நல்லது கெட்டதுன்னு சொல்லிக்கிட்டே போனா எந்த மாத்தத்துல கெட்டுச்சுன்னு காட்டிடும். அண்ணாச்சி கடைல கிட்டும் இல்ல ஒண்ணும் இல்ல, "புதுசு", "புதுசு2", "புதுசு2 கடைசி" இதுதான் வெர்ஷன் கன்ட்ரோல்.

பிரின்ட்டா டீபகரா

பிரின்ட்னா நடுவுல மதிப்ப எழுதிக் காட்ட வைக்கிறது, டீபகர்னா ஓடுற புரோகிராம நிறுத்தி உள்ள பாக்குற கருவி. எது நல்லதுன்னு பெரிய சண்டையே நடக்கும். என்னைக் கேட்டா ரெண்டும் வேணும். எந்த வழியா போச்சு, எத்தனை தடவ போச்சுன்னு தெரிய பிரின்ட் நல்லது, ஒரு இடத்துல நின்னு நாலா பக்கமும் பாக்க டீபகர் நல்லது.

பிரின்ட் போட்டா வெறும் நம்பர மட்டும் போடாதீங்க, பத்து பிரின்ட் போட்டப்புறம் எந்த 10 எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியாது, பங்ஷன் பேரு, வேரியபிள் பேரு சேத்து போடுங்க. பைத்தான்ல ரெப்ர்ங்கிற பங்ஷன் போட்டு பிரின்ட் பண்ணுங்க, அப்பத்தான் நம்பர் 100ம் மேற்கோளுக்குள்ள இருக்கிற எழுத்து 100ம் வேற வேறன்னு தெரியும், பேருக்கு பின்னாடி ஒளிஞ்சிருக்கிற ஸ்பேசும் தெரியும். அந்த ஒரு ஸ்பேசால "கஸ்டமர் இல்ல"ன்னு வந்த பக்க நான் ரெண்டு நாள் தேடியிருக்கேன். இன்னொரு பொறி இருக்கு. சி புரோகிராம் திடீர்னு கவுந்தா கடைசியா போட்ட பிரின்ட் வராமலே போகலாம், அவுட்புட்ட பைலுக்கு திருப்பி விட்டிருந்தா அது மொத்தமா சேந்த பிறகுதான் எழுதும், கவுந்தா சேத்து வச்சது போச்சு. நீங்க "ஓ, இந்த வரிக்கு வரவே இல்ல போல"ன்னு தப்பா முடிவு பண்ணிடுவீங்க. எரருக்குன்னு தனியா இருக்கிற எஸ்டிடி எரர் வழியா எழுதுங்க, இல்ல பிளஷ் பண்ணுங்க, அதாவது சேத்து வச்சத உடனே எழுத வைங்க. குரோம் பிரவுசர்ல கன்சோல் லாக் (ஜாவாஸ்கிரிப்ட்டோட பிரின்ட்) போட்டு ஒரு ஆப்ஜெக்ட பாக்குறப்பவும் இதே மாதிரி ஒண்ணு, அம்புக்குறிய அழுத்தி விரிச்சா லாக் போட்ட நேரத்து மதிப்பு தெரியாது, விரிச்ச நேரத்து மதிப்புதான் தெரியும்.

டீபகர் பைத்தான்ல கூடவே வருது. 2018ல வந்த 3.7 வெர்ஷன்ல இருந்து நிறுத்த வேண்டிய இடத்துல பிரேக்பாயின்ட்னு எழுதி அடைப்புக்குறி போட்டா போதும். சி, சி பிளஸ் பிளஸ்னா ஜிடிபி, 1986ல ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதுனது, இன்னமும் அதான் ஓடுது, ஆனா கம்பைல் பண்றப்ப டீபக் தகவல் சேக்குற ஆப்ஷன் குடுத்து, வேகத்துக்காக கோட மாத்தி அடுக்குற ஆப்டிமைஸ அணைச்சிடுங்க, இல்லைன்னா ஒரு ஸ்டெப் வச்சா முன்னாடியும் பின்னாடியும் தாவிக்கிட்டு கிறுக்கு பிடிக்க வைக்கும். எந்த டீபகரா இருந்தாலும் தெரிஞ்சுக்க வேண்டியது அஞ்சாறுதான்: அடுத்த வரி, பங்ஷனுக்குள்ள நுழையுறது, பங்ஷன முடிச்சுட்டு வெளிய வர்றது, அடுத்த பிரேக்பாயின்ட் வரைக்கும் ஓட விடுறது, ஸ்டாக் பாக்குறது, ஸ்டாக்ல ஒரு படி மேல ஏறி கூப்பிட்டவனோட வேரியபிள பாக்குறது. புதுசா வர்றவங்க எல்லா பங்ஷனுக்குள்ளயும் நுழைஞ்சு நுழைஞ்சு கடைசில லைப்ரரிக்குள்ள போயி தொலைஞ்சு போறாங்க. முதல்ல தாண்டிப் போங்க, தாண்டுனப்புறம் நம்பர் தப்பா வந்தா மட்டும் மறுபடி ஓட்டி உள்ள நுழைங்க. பைத்தான் டீபகர்ல ஒரு காமெடி, உங்க வேரியபிள் பேரு "என்"ங்கிற ஒரே இங்கிலீஷ் எழுத்தா இருந்தா அத பாக்கலாம்னு டைப் பண்ணா அது "அடுத்த வரிக்கு போ"ங்கிற கட்டளைன்னு எடுத்துக்கிட்டு போயிடும், முன்னாடி ஒரு பி சேத்து கேக்கணும்.

லூப் ஆயிரம் தடவ ஓடி 873வது தடவ கெடுதுன்னா 872 தடவ கன்டினியூ அழுத்தாதீங்க, கண்டிஷன் போட்ட பிரேக்பாயின்ட் வைக்கலாம், "மொத்தம் சைபருக்கு கீழ போனா நில்லு"ன்னு. ஜிடிபில வாட்ச்னு இருக்கு, ஒரு வேரியபிள எவன் மாத்துனாலும் அந்த நொடியே நிறுத்திடும், யாரு கைய வைக்கிறான்னே தெரியாத பக்குக்கு அதவிட நல்ல மருந்து கிடையாது.

சரி, கடைக்கு வருவோம். கூப்பன் சேக்குற பங்ஷனோட முதல் வரியில நிறுத்துனேன். பேப்பர்ல "நுழையுறப்ப லிஸ்ட் காலி"ன்னு எழுதியிருந்தேன். முதல் பில், காலி. ரெண்டாவது பில், நுழையுறப்பவே லிஸ்டுக்குள்ள ஒரு 10 உக்காந்திருக்கு. இன்னும் ஒரு வரி கூட ஓடல, யாரு வச்சது? ஸ்டாக்ல ஒரு படி மேல ஏறி பாத்தேன், கூப்பிட்டவன் லிஸ்ட்டே அனுப்பல. பங்ஷன் தலைப்பு வரிய பாத்தா, லிஸ்ட் குடுக்கலைன்னா காலி லிஸ்ட்ட எடுத்துக்கோன்னு எழுதியிருக்கான். பைத்தான் தெரிஞ்சவங்க இப்பவே சிரிச்சிருப்பீங்க. அந்த காலி லிஸ்ட் ஒவ்வொரு தடவையும் புதுசா வராது, பங்ஷன வரையறுக்கிறப்ப ஒரே ஒரு தடவதான் பிறக்கும், அப்புறம் எத்தனை தடவ கூப்பிட்டாலும் அதே பழைய லிஸ்ட்தான், போன கஸ்டமரோட பத்து ரூபாயும் அதுலயே கிடக்கும். ஐடி, அதாவது அந்த லிஸ்ட்டோட அடையாள நம்பர், போட்டு பாத்தேன், ரெண்டு பில்லுக்கும் அதே ஐடி. போன் நம்பர் குடுத்து வாங்குற வாடிக்கையாளருக்கு வேற வழியா வர்ற கோடு, அது லிஸ்ட்ட தானே உண்டாக்கி அனுப்புது, அதனால அவங்க பில்லுல தப்பே வரல, வழில போற வர்றவங்க பில்லுல மட்டும்தான். இத கோடு படிச்சு கண்டுபிடிச்சிருப்பேனான்னா சத்தியமா இல்ல, அந்த வரிய நான் முதல் ஒன்றரை மணி நேரத்துலயே ரெண்டு தடவ தாண்டிப் போயிருக்கேன்.

சோர்ஸ் கோடே இல்லைன்னா

லினக்ஸ்ல எஸ்ட்ரேஸ் இருக்கு. புரோகிராம் கெர்னல்கிட்ட (ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையம்) என்னென்ன கேக்குதுன்னு வரிவரியா காட்டும், எந்த பைல திறந்துச்சு, எது இல்லைன்னு பதில் வந்துச்சு, எங்க காத்துக்கிட்டு நிக்குதுன்னு. "கான்பிக் (செட்டிங்ஸ்) பைல மாத்திட்டேன் ஆனா மாறவே மாட்டேங்குது"ங்கிற புலம்பலுக்கு இத ஓட்டி பைல் திறக்குற கால்கள மட்டும் வடிகட்டி பாருங்க, பாதிக்கு மேல வேற ஏதோ போல்டர்ல இருக்கிற பழைய கான்பிக்க திறந்துக்கிட்டு இருக்கும். வேற புராசஸ கிளப்பி விடுற புரோகிராம்னா அதோட பிள்ளைகளையும் சேத்து பின்தொடரச் சொல்ற ஆப்ஷன் குடுக்க மறந்துடாதீங்க, மறந்தா பாதி கதைதான் வரும்.

த்ரெட் (ஒரே புரோகிராமுக்குள்ள ஒரே நேரத்துல ஓடுற பல வேலை) சம்பந்தப்பட்ட பக்னா ஒரு எச்சரிக்கை, பிரின்ட் போட்டதுமே பக் மறைஞ்சுடும், எடுத்தா வந்துடும். பிரின்ட் எடுத்துக்கிற நேரத்துல வரிசை மாறிடுது, அவ்வளவுதான். அது சரியாயிடுச்சுன்னு பிரின்ட்டோட அப்படியே டெலிவரி பண்ணுன ஆள எனக்கு தெரியும்.

பேப்பரும் பேனாவும்

சில பக்குக்கு கம்ப்யூட்டரே வேணாம். 2008 டிசம்பர் 31 அன்னைக்கு மைக்ரோசாப்டோட சூன்ங்கிற பாட்டு கேக்குற பெட்டி, அதுல 30 ஜிபி மாடல் மட்டும், ஆன் ஆகுறப்பவே அப்படியே உறைஞ்சு போச்சு. பேட்டரி தீர்ற வரைக்கும் விட்டுட்டு ஜனவரி 1 கிரீன்விச் நேரம் மத்தியானத்துக்கு மேல சார்ஜ் போட்டு ஆன் பண்ணுங்கன்னுதான் சொன்னாங்க. கடிகாரத்தோட டிரைவர் கோடு வெளிய வந்துச்சு, 1980 ஜனவரி 1ல இருந்து எத்தனையாவது நாள்ங்கிறத வச்சு வருஷத்த கண்டுபிடிக்கிற லூப். தமிழ்ல எழுதுனா இவ்வளவுதான்:

நாள் 365ஐ விட அதிகமா இருக்கிற வரைக்கும் சுத்து.
லீப் வருஷமா இருந்தா: நாள் 366ஐ விட அதிகம்னா 366 கழிச்சு வருஷத்துல 1 கூட்டு.
லீப் இல்லைன்னா: 365 கழிச்சு வருஷத்துல 1 கூட்டு.

படிச்சா சரியாத்தான தெரியுது? இப்ப பேப்பர எடுத்து ரெண்டு கட்டம் போடுங்க, ஒண்ணு நாள், ஒண்ணு வருஷம். 2008 டிசம்பர் 31ங்கிறது 10593வது நாள். 1980ல இருந்து 2007 வரைக்கும் 28 வருஷம், அதுல லீப் 7, மொத்தம் 10227 நாள் கழிஞ்சுடும். வருஷம் 2008, நாள் 366. சுத்தணுமா? 366, 365ஐ விட அதிகம், சுத்து. லீப்பா? ஆமா. 366ஐ விட அதிகமா? இல்ல, சமம். அப்ப என்ன பண்ணும்? ஒண்ணும் பண்ணாது. நாள் 366, வருஷம் 2008, மறுபடி மேல போ. அதே ரெண்டு நம்பர். மறுபடி. அதே ரெண்டு நம்பர். பேப்பர்ல மூணாவது தடவ அதே வரிய எழுதுறப்ப உங்க கையே நின்னுடும்.

மத்த நாளையும் போட்டு பாருங்க. டிசம்பர் 30னா நாள் 365, லூப் நின்னுடும், சரி. ஜனவரி 1னா 367, 366 கழிஞ்சு 1, வருஷம் 2009, சரி. ஏன் ஒரே நாள் மட்டும் கெட்டுச்சு, ஏன் மறுநாள் தானா சரியாச்சுன்னு பேப்பரே சொல்லுது. அந்த பெட்டி வித்தது 2006 நவம்பர்ல இருந்து, அது பாத்த முதல் லீப் வருஷக் கடைசி நாளே 2008ல வந்ததுதான், யாரும் அதுக்கு முன்னாடி பாக்க வாய்ப்பே இல்ல. அதனால பேப்பர்ல ஓட்டுறப்ப சும்மா நடுவுல ஒரு நம்பர் எடுக்காம எல்லைல இருக்கிற நம்பரா எடுங்க, சரியா சமமா இருக்கிறது, அதுக்கு ஒண்ணு கீழ, ஒண்ணு மேல, அப்புறம் காலி லிஸ்ட், சைபர்.

கடை புரோகிராம்ல திருத்துனது மூணு வரி. லிஸ்ட் குடுக்கலைன்னா "நன்" (ஒண்ணும் இல்ல)ன்னு வச்சுட்டு உள்ள வந்து புதுசா ஒரு லிஸ்ட் உண்டாக்குறது. திருத்துன உடனே கிளம்பிடாதீங்க, முதல்ல தப்பு வர வச்ச அதே ஸ்டெப்ப மறுபடி பண்ணுங்க. 490, 490, 490. அத அப்படியே ஒரு டெஸ்டா எழுதி வச்சேன், முக்கியமா ஒரே ஓட்டத்துல மூணு பில் போடுற டெஸ்ட், ஒரு பில் போட்டா இந்த பக் தெரியாதுன்னு பாத்தோமே. இதே மாதிரி தலைப்பு வரியில காலி லிஸ்ட் வச்சது வேற எங்கயாவது இருக்கான்னு தேடுனேன், இன்னும் ரெண்டு இடம் மாட்டுச்சு.

தேட போட்ட பிரின்ட்டெல்லாம் எடுக்கணும். நான் எல்லா பிரின்ட்டுக்கும் முன்னாடி "கக்கக்கா"ன்னு எந்த கோடுலயும் வராத ஒரு வார்த்தைய போடுவேன், கடைசில அத தேடி மொத்தமா அழிச்சிடலாம். அன்னைக்கு அவசரத்துல ஒண்ண விட்டுட்டேன். மறுநாள் காலையில அண்ணாச்சி போன், "தம்பி, கணக்கெல்லாம் சரியாயிடுச்சு, பையன்கிட்டயும் பேசிட்டேன், ஆனா பில்லு அடியில கக்கக்கான்னு அடிக்குதே, கஸ்டமரு சிரிக்கிறாங்கப்பா".